நெடுநாள் உறங்கிய அச்சுப்பொறியை எழுப்பியது எவ்வாறு?

(வெள்ளி விழாவின் தொழிற்கல்வி அரங்கில், கழகப் பயிற்சிக் கூடத்தின் சார்பில் ஆற்றிய உரை)

 

தொழிற்கல்வியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்தனர். தொழிற்கல்வியின் இன்றியமையாமை குறித்துப் பொதுப்படப் பேசுதல் எளிது. அவ்வாறு பேசியவர் பலர், கேட்டவரும் பலர். ஆகவே இன்று நாங்கள் ஒரே ஒரு பொறியைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம். நம் பயிற்சிக் கூடத்தின் வடக்குச் சுவரோரம் நிற்கிறதே, அந்தப் பெரிய அச்சுப்பொறி. அஃது எவ்வாறு வாயடைத்துக் கிடந்தது, எவ்வாறு மீண்டும் வாய் திறந்தது என்பதே எங்கள் பொருள். ஊரில் வேறு எவரிடமேனும் இத்தகைய பொறி தூசி படிந்து கிடக்குமாயின், இவ்வுரை அவர்க்குப் பயன்படுதல் வேண்டும் என்பதே எங்கள் நோக்கம்.

அச்சு நமக்குப் புதிதன்று. 1893ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' என்னும் ஏட்டைத் தொடங்கினார். 1907ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழ'னைத் தொடங்கினார். 1920ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' ஏட்டை வெளியிட்டார். சொல்ல வேண்டியதைப் பிறர் தயவின்றிச் சொல்வதற்கு அச்சு நம் கைக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். நம் மாலை நேரப் பயிற்சி மையங்களின் தேவை அவற்றினும் மிகச் சிறியது. ஆயினும் தேவை தேவையே. நெஞ்சகத்தின் படம், தனிமங்களின் அட்டவணை, மாவட்டத்தின் நிலப்படம், அரசியலமைப்பின் முகப்புரை ஆகியவை கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரியுமளவு பெரிதாக வேண்டும். கடையில் கொடுத்து அச்சிட ஒவ்வொரு முறையும் பொருள் வேண்டும். பொருள் இல்லாத திங்களில் சுவர் வெறுமையாகவே இருக்கும்.

இந்நிலையில்தான் அப்பொறி நம்மை வந்தடைந்தது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் மூடப்பட்ட ஒரு வரைபட அலுவலகத்தில் மூன்றாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது; 2023ஆம் ஆண்டில் அவ்வலுவலகத்தார் அதைக் கழகத்துக்கு நன்கொடையாக அளித்தனர். 44 அங்குல அகலத்தாள் ஏற்பது. எட்டு நிற மைகளால் அச்சிடுவது. பழுது பார்க்க வந்த ஒருவர் ஒரு தாள் அச்சிட்டுப் பார்த்தார், தாளில் கோடுகளினும் வெற்றிடமே மிகுதியாக இருக்கக் கண்டார், "ஹெட் போய்விட்டது, புதிது வாங்குவதானால் இந்தப் பொறியின் விலையே ஆகும், எடைக்குப் போடுங்கள்" என்று கூறிச் சென்றார். பழைய இரும்புக் கடைக்கு ஆளனுப்புவது பற்றிப் பேச்சும் எழுந்தது. அவ்வேளையில் நம் மாலை மையத்தில் படித்து, இன்று ஒரு பிளக்ஸ் அச்சுக் கடையில் பணியாற்றும் தம்பி ஒருவர் வந்தார். பொறியைச் சுற்றி வந்து பார்த்தார். "போனதா, அடைத்ததா என்று தெரியாமல் போய்விட்டது என்று சொல்லக்கூடாதுங்க" என்றார். இவ்வுரையின் சாரம் அந்த ஒரு வரியே. இனி நாங்கள் கூறுவதெல்லாம் அதற்கு உரைவிளக்கம்.

முதற்கண் இப்பொறி எவ்வாறு எழுதுகிறது என்பதை அறிதல் வேண்டும். மெல்லிய நீர்த்தாரை தானாகவே துளிகளாக உடைவதன் காரணத்தை 1878ஆம் ஆண்டில் இராலே என்னும் ஆங்கில அறிஞர் ஆராய்ந்து விளக்கினார். 1951ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ரூனே எல்ம்க்விஸ்ட் மைத்தாரையால் கோடு வரையும் பதிவுக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். உடலுக்குள் பொருத்தும் இதயமுடுக்கியை 1958ஆம் ஆண்டில் உருவாக்கியவரும் அவரே. அதன்பின் இக்கலை இரு கிளைகளாகப் பிரிந்தது. ஒன்று வெப்ப முறை: நுண்ணறையிலுள்ள மையை நொடிப்பொழுதிற்கும் குறைவான நேரத்தில் சூடாக்கினால் ஆவிக்குமிழி தோன்றும், அக்குமிழி மைத்துளியை வெளியே தள்ளும். 1977ஆம் ஆண்டில் சப்பானின் கேனன் ஆய்வகத்தில், மை நிரம்பிய ஊசிக்குழலின் மேல் சூடான பற்றவைப்புக் கோல் பட்டபோது மை தெறித்ததைக் கண்டு இம்முறை பிறந்தது என்பர். மற்றொன்று அழுத்தமின் முறை. கடைக்காரர்கள் 'பீசோ' என்று வழங்குவது. சில படிகங்களுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அவை சிறிதளவு வளையும். அவ்வளைவு மையறையின் சுவரை அமுக்க, ஒரு துளி வெளியே வீழும்.

இவ்வேறுபாட்டை அறியாது எவரும் பொறியைத் தொடலாகாது. ஏனெனில் வெப்ப முறைப் பொறிகள் பலவற்றில் அச்சுத்தலை தேயும் பொருளாகவே கருதப்பட்டு, எளிதில் கழற்றி மாற்றுமாறு அமைந்திருக்கும். அழுத்தமின் முறையில் தலை நெடுங்காலம் உழைக்குமாறு செய்யப்பட்டது. விலையும் அதற்கேற்ப மிகுதி. நமக்குக் கிடைத்தது இவ்விரண்டாம் வகை. தலையை மாற்றப் பொருள் இல்லை; ஆகவே தலையைத் திறந்தாக வேண்டும்.

அத்தலையில் ஒரு நிறத்துக்கு 180 நுண்துளைகள். எட்டு நிறத்துக்கு 1440. ஒவ்வொரு துளையும் நம் தலைமுடியின் பருமனினும் குறுகியது. அதன் வழி வெளிவரும் மிகச்சிறு துளி 3.5 பிக்கோலிட்டர். ஒரு மில்லிலிட்டர் மையைக் கொண்டு அத்தகைய துளிகள் 28 கோடிக்கு மேல் ஆக்கலாம் என்றால் அதன் நுண்மையை நீங்களே உய்த்துணரலாம். இத்தகைய வாயில் மை நின்றபடி நின்றால் என்னாகும்? மையிலுள்ள நீர் ஆவியாகும். எஞ்சிய நிறத்துகளும் அதைப் பிணைக்கும் பிசினும் சேர்ந்து இறுகும். சாய மையாக இருந்தால் நீர் பட்டதும் பெரும்பாலும் கரைந்துவிடும். இப்பொறியிலுள்ளது நிறத்துகள் மை, 'பிக்மென்ட்' என்பர். காய்ந்த பின் நீருக்கும் வெயிலுக்கும் நின்று பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. தாளில் காய்ந்தால் அது நன்மை. துளையில் காய்ந்தால் அதுவே தீமை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாளில் கோடு விடுபட்டதும் துளை அடைத்துவிட்டது என்று முடிவு கட்டுதல் பெரும்பாலோர் வழக்கம். கோடு விடுபடுவதற்குக் காரணம் ஒன்றன்று. இதற்கெனப் பொறியிலேயே ஒரு சோதனை உண்டு. 'நாசில் செக்' என்பர். ஒவ்வொரு துளையும் தனக்குரிய ஒரு சிறு கோட்டை வரையும். அத்தாளைப் படிக்கக் கற்றவரே இப்பொறியைப் படித்தவர். அடுத்தடுத்து எடுத்த தாள்களில் ஒரே இடத்தில் கோடு விடுபட்டிருந்தால் அது காய்ந்த துளை. விடுபடும் இடம் தாளுக்குத் தாள் மாறினால் அது காற்றுக்குமிழி. துளையை நோவதில் பயனில்லை. தொடக்கத்தில் நன்றாக வந்து போகப்போக மங்கினால் மை போதிய அளவில் வந்து சேரவில்லை என்று பொருள். ஒரு நிறத்தில் மற்றொரு நிறம் கலந்து வந்தால் மூடியிலோ துடைப்பானிலோ கோளாறு. ஒரு நிறம் அடியோடு இல்லையெனில் மைவழியையும் மின்வழியையும் தனித்தனியே ஆராய வேண்டும். மருத்துவர் நாடி பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

இனி நாங்கள் செய்த வேலைகளை வரிசையாகக் கூறுகிறோம். வரிசை பிறழின் பயன் கெடும்.

முதலாவது, உடனே இயக்காதிருத்தல். நெடுநாள் கிடந்த பொறியில் அச்சுத்தலை தன் மூடியின் மேல் அமர்ந்தபடி காய்ந்த மையால் ஒட்டியிருக்கக் கூடும். அந்நிலையில் இயக்கினால் பிய்த்துக்கொண்டு நகரும். காய்ந்த துடைப்பான் தலையின் முகத்தைக் கீறும். ஆகவே மூடியின் விளிம்பைச் சுற்றித் தூய்மிப்பு நீரைத் துளித்துளியாக விட்டு ஓர் இரவு ஊறவைத்தோம். மறுநாள் பொறியை இயக்கி, தலை மூடியை விட்டு நகர்ந்த அந்நொடியில் மின்இணைப்பை நீக்கினோம். தலை இடையில் நின்றது. மூடியும் துடைப்பானும் கண்ணுக்குத் தெரிந்தன.

இரண்டாவது, மூடியைச் செப்பம் செய்தல். பொறியின் உயிர்நிலை தலை என்று எண்ணுவோர் பலர். பாதி உயிர் மூடியில் இருக்கிறது. இரப்பர் விளிம்புடைய அம்மூடி, தலையைக் காற்றுப் புகாமல் காப்பது; அதன் அடியிலுள்ள உறிஞ்சு பம்பு, துளைகளின் வழி மையை இழுப்பது. விளிம்பில் மை தடித்திருந்தால் காற்றுக் கசியும். உறிஞ்சு விசை வீணாகும். விளிம்பைப் பஞ்சிழை உதிராத துணியால் மெல்லத் துடைத்தோம். பின்னர் மூடியில் சிறிது நீர் விட்டுப் பம்பை இயக்கினோம். நீர் இறங்கினால் பம்பு நலம் என்று பொருள். எங்கள் மூடியில் விட்ட நீர் அசையாது நின்றது! பழுது பார்க்க வந்தவர் பலமுறை 'ஹெட் கிளீனிங்' ஓட்டியும் பயனில்லாமற் போனதன் காரணம் அப்போது விளங்கிற்று. மூடியின் அடிக்குழாயில் மை கட்டியாக உறைந்திருந்தது. ஊசி நீக்கிய சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீரை மெல்ல ஏற்றி இறக்கி, மூன்றாம் நாள் அக்குழாயைத் திறந்தோம். தலையை இன்னும் தொடவே இல்லை; ஆயினும் நோயின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்தது.

மூன்றாவது, நீர். குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் உப்பு உண்டு. அவ்வுப்பே துளையை அடைக்கும். காய்ச்சி வடித்த நீரும், தலை தூய்மைக்கென விற்கும் நீர்மமும் மட்டுமே பயன்படுத்தினோம். அசிட்டோன், தின்னர் போன்றவை தலையின் ஒட்டுப்பசையைக் கரைத்துவிடும். சாராய வகை சில மைகளைக் கரைப்பதற்கு மாறாகத் திரளச் செய்துவிடும். கொதிநீர் கூடாது, கை பொறுக்கும் சூடு போதும். பஞ்சுக் குச்சி கூடாது. அதன் இழை துளையில் தங்கும். ஊசி, குண்டூசி, கம்பி ஆகியவற்றைத் தலையின் பக்கம் கொண்டு வருதலும் கூடாது. அடைப்பைக் குத்தித் திறக்கலாம் என்பது நம் கைப்பழக்கம். ஆனால் குத்திய துளை பின்னர் ஒருநாளும் நேராகத் துளி விடாது.

நான்காவது, ஊறவைத்தல். மூடியில் நீர்மம் நிரப்பி, அதன் மேல் தலையை அமர்த்தி, இரவு முழுதும் விட்டோம். காலையில் வடித்து, மீண்டும் நிரப்பினோம். காய்ந்த மை மூன்றாண்டுகளில் இறுகியது. மூன்று நிமிடங்களில் இளகும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. கரைதலுக்குக் காலம் வேண்டும்.

ஐந்தாவது, அளவோடு கிளீனிங் செய்தல். ஒவ்வொரு முறையும் பொறி விலையுயர்ந்த மையைக் கழிவுத் தொட்டியில் கொட்டுகிறது. தொடர்ந்து பலமுறை ஓட்டினால் மை நுரைத்துக் காற்றுப் புகும். முன்னர் நன்றாயிருந்த துளையும் விடுபடும். எனவே மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதில்லை என்று விதி செய்தோம். மூன்றாம் முறைக்குப் பின் பொறிக்கு ஓய்வு. மறுநாள் மீண்டும் சோதனைத் தாள்.

அத்தாள்களை எறியாமல் ஒரு குறிப்பேட்டில் ஒட்டி வந்தோம். நாள், செய்த வேலை, ஒவ்வொரு நிறத்திலும் வந்த கோடுகளின் எண்ணிக்கை, செய்தவர் கையெழுத்து ஆகியவை அதில் உண்டு. முதல் தாளில் 1440 கோடுகளுள் 512 மட்டுமே வந்தன. ஐந்தாம் நாள் 903. ஒன்பதாம் நாள் 1188. எண்ணிக்கை ஏறுவதைக் கண்ட மாணவர்கள், பள்ளி முடிந்து நேரே பயிற்சிக் கூடத்துக்கு ஓடி வரலாயினர்.

ஆனால் இளங்கருப்பு நிறம் மட்டும் ஒரு கோடும் தரவில்லை. ஒன்பது நாள் ஊறியும் பயனில்லை. 'இஃது உண்மையாகவே போய்விட்டதோ' என்னும் ஐயம் எங்களுக்கும் எழுந்தது. அப்போது ஒரு மாணவி குறிப்பேட்டைப் புரட்டி, "மற்ற நிறமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. இது முதல் நாளும் சுழி, இன்றும் சுழி. அடைப்பு என்றால் 180 துளையும் ஒன்றுபோலவா அடைக்கும்?" என்று வினவினார். நல்ல வினா பாதி விடை. மைக்குழாய்க்கும் தலைக்கும் இடையே 'டாம்பர்' என்னும் சிற்றறை ஒன்று உண்டு. மையை வடிகட்டி, அழுத்தத்தைச் சீராக்கித் தலைக்கு அனுப்புவது. மின்இணைப்பை நீக்கிவிட்டு அந்நிறத்தின் டாம்பரைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே மை இல்லை, காற்றே இருந்தது. வடிகட்டி மெழுகு பூசியதுபோல் அடைத்திருந்தது. தலை குற்றமற்றது, அதற்கு உணவே சென்று சேரவில்லை! புதிய டாம்பர் ஒன்று வாங்கி மாட்டி, மையை மெல்ல இழுத்துக் காற்றை நீக்கினோம். அன்று மாலையே 180இல் 164 கோடுகள் வந்தன.

டாம்பரைக் கழற்றிய வேளையில், பிடிவாதமான இரு நிறங்களுக்குத் தலையின் மைவாயில் மென்மையான குழாயைப் பொருத்தி, சிரிஞ்சால் சிறிதளவு நீர்மம் செலுத்தினோம். இதைச் சொல்லும்போதே எச்சரிக்கவும் விரும்புகிறோம். சிரிஞ்சின் தண்டை விரலால் அழுத்தித் தள்ளலாகாது. தலை பல மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்தது. மிகுந்த அழுத்தம் அத்தகடுகளைப் பிரித்துவிடும். ஒரு சொட்டு நீர் தலையின் தட்டைக் கம்பிவடத்தில் பட்டு, அது காயுமுன் மின்சாரம் கொடுத்தாலும் தலை எரிந்துவிடும். அடைத்த தலையைத் திறக்கலாம். எரிந்த தலையைத் திறக்க இயலாது. எங்கள் வேலை முடிந்த பின் முழுமையாகக் காயவிட்டே பொறியை இயக்கினோம்.

19ஆம் நாள் எடுத்த தாளில் 1440 கோடுகளுள் 1431 வந்தன. மீதி ஒன்பதும் இன்றுவரை வரவில்லை. அவை ஒரே நிறத்தில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு பகுதியின் மேலும் தலை பலமுறை கடந்து செல்லும் உயர்தர முறையில் அச்சிட்டால், ஒரு துளை விட்ட இடத்தை மற்றொரு துளை நிரப்பிவிடுகிறது. ஆகவே அந்த ஒன்பதுக்காகத் தலையை மேலும் துன்புறுத்தவில்லை. போதும் என்று நிறுத்தத் தெரிவதும் தொழில்நுட்பத்தின் ஒரு கூறு.

இடையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறாமல் விட்டால் இவ்வுரை நிறைவுறாது. மேற்சொன்ன மாணவியின் தாயார் நகராட்சியில் துப்புரவுப் பணி செய்பவர். ஒருநாள் மகளை அழைத்துச் செல்ல வந்தவர், மை படிந்த துணியோடு பொறியின் முன் மகள் குனிந்திருப்பதைக் கண்டு நின்றுவிட்டார். "ஐயா, துடைப்பமும் துணியும் என்னோட போகட்டும்னுதானே இவளை இங்கே அனுப்பினேன். இங்கேயும் துடைக்கத்தானா?" என்றார். அச்சொல்லில் இருந்த வலி எத்தனை தலைமுறையினது என்பதை இவ்வவைக்கு நாங்கள் விளக்க வேண்டுவதில்லை. எங்களால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. மகளே பேசினார். கையுறையைக் கழற்றிவிட்டுக் குறிப்பேட்டை எடுத்துவந்தார். "அம்மா, இது முதல் நாள், இது நேற்று. இந்தக் கோடு ஏன் வரலைன்னு கண்டுபிடிச்சது நான். இதோ என் கையெழுத்து" என்று காட்டினார். எழுதப் படிக்க அறியாத அத்தாய், இரு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் தாளின் வெறுமையும் பின் தாளின் நிறைவும் அறிய எழுத்தறிவு வேண்டியதில்லை அன்றோ? "எல்லாம் வந்துருமா?" என்று மட்டும் கேட்டார். பின்னர் வேலை முடியும் வரை அங்கேயே அமர்ந்திருந்தார்.

பெரியோர்களே! அவர் கேட்ட கேள்வியை நாங்கள் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துடைப்பது இழிவன்று, ஒரு சாரார் மட்டுமே துடைக்க வேண்டும் என்பதும், எதற்காகத் துடைக்கிறோம் என்பதை அவர் அறியவேண்டியதில்லை என்பதுமே இழிவு. ஆகவே அன்றுமுதல் பயிற்சிக் கூடத்தில் இரு விதிகள் நிலவுகின்றன. கையுறையின்றி எவரும் மையைத் தொடலாகாது. மாணவராயினும் ஆசிரியராயினும் முறைவைத்துத் துடைக்க வேண்டும். மற்றொன்று, கழிவு மையையும் கழுவிய நீரையும் சாக்கடையில் ஊற்றலாகாது. மூடிய கொள்கலத்தில் சேர்த்து உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். சாக்கடையில் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. தடைக்குப் பின்னும் இறக்கப்படுவோர் எவர் வீட்டுப் பிள்ளைகள் என்பதை நம்மினும் அறிந்தவர் யார்? நாம் ஊற்றும் நஞ்சு நம்மவர் காலடிக்கே செல்லும்.

எழுப்பிய பொறி மீண்டும் உறங்காதிருக்கச் செய்ய வேண்டுவன சில. கிழமைக்கு ஒருமுறையேனும் எட்டு நிறமும் கலந்த ஒரு சிறு படம் அச்சிட வேண்டும். ஓடும் மை காய்வதில்லை. சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துப் பொறியை நிறுத்தலாகாது. பொறியின் பொத்தானை அழுத்தினால்தான் தலை தன் மூடிக்குச் சென்று அமரும். மின்வெட்டு நேர்ந்து தலை இடையில் நின்றால், மின்சாரம் வந்தவுடன் இயக்கி, தலை மூடியில் அமர்ந்த பின் முறையாக நிறுத்த வேண்டும். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காடு வரை இருத்தல் நன்று. கோடையில் ஒரு வாளி நீரை அருகில் வைத்தாலும் சிறிது உதவும். திங்களுக்கு ஒருமுறை மூடியின் விளிம்பையும் துடைப்பானையும் துடைக்க வேண்டும். நெடுநாள் நின்ற கார்ட்ரிட்ஜைக் கழற்றி மெல்லக் குலுக்கி மாட்டினால், அடியில் படிந்த நிறத்துகள் கலக்கும்.

எல்லாப் பொறியும் எழும் என்று நாங்கள் கூறவில்லை. தலையின் மின்சுற்று எரிந்திருந்தால் எத்தனை நாள் ஊறவைத்தாலும் பயனில்லை. உதிரி உறுப்பு கிடைக்காத பழம்பொறிக்கு மேலும் மேலும் பொருள் செலவிடுதலும் அறிவுடைமையன்று. ஆனால் அம்முடிவு சோதனைக்குப் பின் வர வேண்டுமேயன்றிச் சோதனைக்கு முன் வரலாகாது. எங்களுக்குச் செலவானது ஒரு டாம்பரும், புதிய மையும், சில புட்டி நீர்மமும், 19 நாட்களுமே.

இறுதியாகக் கழகப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். கணிப்பொறி, நுண்பெருக்கி, மின்னாக்கி எனப் பல பொருள்கள் நமக்கு நன்கொடையாக வருகின்றன. வரும் நாளில் மாலையிட்டுப் படம் எடுக்கிறோம். பேணத் தெரியாத பொறி, கொடுத்தவருடைய பொறியாகவே இருக்கிறது. பேணத் தெரிந்த அன்றே நமதாகிறது. ஆகவே இனி எப்பொறி வந்தாலும், அதனோடு ஒரு குறிப்பேடும், அதைப் பேணும் கலையைக் கற்கும் இரு மாணவரும் உடன் வர வேண்டும் என்று கழகம் தீர்மானிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அம்மாணவருள் ஒருவரேனும் பெண்ணாக இருக்கட்டும். பழுது பார்ப்பதற்கு மாத ஊதியம் தரும் வேலைகள் ஊரில் உண்டு. அவ்வேலைக்குச் செல்லும் பிள்ளை, பொறியின் முன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இவ்வரங்கின் வாயிலில் தொங்கும் பெரிய நிலப்படத்தை வரும்போது கண்டிருப்பீர்கள். எடைக்குப் போகவிருந்த பொறி அச்சிட்டது அது. அருகில் சென்று பாருங்கள். விடுபட்ட ஒன்பது கோடுகளின் சுவடு எங்கேனும் கண்ணில் பட்டால் எங்களிடம் கூறுங்கள், குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம்.